கேன்-ஸ்பேம்: அனுப்பிக்கொள்ளலாம் என்று சொன்ன தடைச் சட்டம்

ஏதாவது ஒரு விளம்பர மெயிலைக் கடைசி வரை உருட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு தபால் முகவரி இருக்கும். பக்கத்திலேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்று ஓர் இணைப்பு. அனுப்பியவர் திருப்பூரில் பனியன் விற்பவராக இருந்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும். மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் பெரிய சேவைகளில் பல அமெரிக்காவில் பிறந்தவை. அந்த நாட்டுச் சட்டத்துக்காக அடிக்குறிப்பைத் தாமாகவே ஒட்டிவிடுகின்றன.

அந்தச் சட்டத்தின் பெயர் கேன்-ஸ்பேம். 2003 டிசம்பர் 16 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்துப் போட்டார்; 2004 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கேட்காமல் வந்து குவியும் மெயிலைக் குறிக்கும் ஸ்பேம் என்ற சொல், முதலில் டப்பாவில் அடைத்து விற்ற இறைச்சியின் பெயர். ஆங்கிலத்தில் 'கேன்' என்றால் டப்பா, டப்பாவில் போட்டு மூடுவது என்று ஒரு பொருள்; 'செய்யலாம்' என்று இன்னொரு பொருள். பெயர் வைத்தவர்கள் மூடுவதை நினைத்து வைத்தார்கள். எதிர்த்தவர்கள் இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டு 'தாராளமாக அனுப்பு சட்டம்' என்று கேலி செய்தார்கள். சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் கேலி செய்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். அனுப்புநர் விவரத்தில் பொய் கூடாது. தலைப்பு வரி ஏமாற்றக் கூடாது. இது விளம்பரம் என்று தெரிய வேண்டும். செல்லுபடியாகும் தபால் முகவரி வேண்டும். விலகிக்கொள்ள ஒரு வழி வேண்டும். மெயில் போன நாளிலிருந்து குறைந்தது 30 நாட்களாவது அந்த வழி வேலை செய்ய வேண்டும். விலகச் சொன்னவருக்கு 10 வேலை நாட்களுக்குள் அனுப்புவதை நிறுத்த வேண்டும். பெறுபவரின் சம்மதத்தை முதலில் வாங்கு என்று எங்கேயும் இல்லை. அதாவது, முகம் தெரியாத ஒருவர் உங்கள் முகவரியை எங்கிருந்தோ எடுத்து முதல் மெயிலை அனுப்புவது சட்டப்படி சரி. வேண்டாம் என்று சொல்லும் வேலை உங்களுடையது.

இந்த 'முதல் மெயில் இலவசம்' என்ற ஏற்பாடு எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு ஒரு மனக்கணக்கு போதும். அமெரிக்காவில் சிறு தொழில்கள் சுமார் 3.3 கோடி. அதில் நூற்றுக்கு ஒருவர், ஆண்டுக்கு ஒரே ஒரு மெயில் உங்களுக்கு அனுப்புவதாக வையுங்கள். ஆண்டுக்கு 3.3 லட்சம், நாளுக்கு ஏறத்தாழ 900. அத்தனை பேரும் சட்டத்தை வரி பிசகாமல் மதித்தவர்கள். நீங்கள் ஒவ்வொருவரிடமும் விலகிக்கொண்டாலும் மறுநாள் வருவது வேறு 900 பேர். நடப்பில் அப்படி வழியாமல் இருப்பதற்குச் சட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. மெயில் சேவைகளின் ஸ்பேம் வடிகட்டிகள்தான் நடுவில் நிற்கின்றன.

விலகும் வழியிலேயே ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. 10 வேலை நாள் என்றால் நடுவில் இரண்டு வார இறுதிகள் சேர்ந்து 14 நாள். தினம் ஒன்று அனுப்புகிறவர் நீங்கள் விலகிய பிறகும் அதுவரை அனுப்பிக்கொண்டே இருந்துவிட்டு, 'கெடுவுக்குள் நிறுத்திவிட்டோம்' என்று சொல்ல முடியும். ஒரு நிறுவனத்துக்குப் பல தொழில் பிரிவுகள் இருந்து, மெயில் குறிப்பிட்ட பிரிவின் பெயரிலேயே போனால், அந்தப் பிரிவையே அனுப்புநராகக் கருதலாம் என்கிறது சட்டம். கடன் பிரிவிலிருந்து விலகினீர்கள். காப்பீட்டுப் பிரிவு புதிதாக ஆரம்பிக்கும். தபால் முகவரிக்குப் பதிவு செய்த அஞ்சல் பெட்டியோ, வாடகைக்கு எடுத்த தனியார் பெட்டியோ போதும் என்று 2008ல் விதியில் தெளிவுபடுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து வியாபாரம் பார்க்கும் நேர்மையானவருக்கு அது தேவையான சலுகைதான். மாதம் ஒரு பெயரில் கம்பெனி தொடங்குகிறவருக்கும் அதே சலுகை கிடைத்தது.

இப்படித் தொழில் செய்பவர்கள் பின்பற்றும் முறைக்கு 'ஸ்னோஷூ' என்று பெயர். உறைபனியில் கால் புதையாமல் நடக்க அகலமான பாதணி போட்டுக்கொள்வார்கள். உடல் எடை பரந்த இடத்தில் பிரிந்து விழும். அதே உத்திதான். 256 ஐபி முகவரிகள் (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்கள்) கொண்ட ஒரு தொகுதியை வாடகைக்கு எடுத்து, பத்திருபது டொமைன்களை, அதாவது இணையப் பெயர்களை வாங்கி, ஒவ்வொரு ஐபியிலிருந்தும் சில நூறு மெயில்களை மட்டும் விடுவது. எந்த ஒரு முகவரியும் கறுப்புப் பட்டியலில் ஏறும் அளவுக்குப் புகார் சேராது. அடியில் பெட்டி முகவரி இருக்கும், விலகும் இணைப்பு வேலை செய்யும், தலைப்பு வரியில் பச்சைப் பொய் இருக்காது. அதிகாரி வந்து பார்த்தால் சட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

விலகியோர் பட்டியலின் கதை இன்னும் மோசம். ஒரு பொருளை விற்பவர் ஐம்பது கமிஷன் ஏஜெண்டுகள் மூலம் மெயில் அனுப்பினால், 'இவர்களுக்கு அனுப்பாதே' என்ற பட்டியலை அந்த ஐம்பது பேருக்கும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார்? மெயிலைத் திறந்து, படித்து, இணைப்பை அழுத்தியவர்கள். உயிருள்ள முகவரி என்று அவர்களே உறுதிசெய்து கொடுத்திருக்கிறார்கள். ஸ்பேம் சந்தையில் இதைவிட நல்ல சரக்கு கிடையாது. முகவரிகளை அப்படியே கொடுக்காமல் எம்டி5 என்ற கணக்கு முறையில், நேராகத் திரும்ப முகவரியாக்க முடியாத சுருக்கக் குறியீடாக்கிக் கொடுப்பது வழக்கமானது. அதுவும் அரைப் பாதுகாப்புதான். ஏஜெண்டிடம் ஏற்கெனவே ஒரு கோடி முகவரிகள் இருந்தால், அத்தனைக்கும் எம்டி5 போட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கணினியில் சில விநாடிகள் ஆகும்; பொருந்துபவை எல்லாம் உயிருள்ளவை. இதற்கு உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் கொடுக்கும் பட்டியலில் வேறெங்கும் பயன்படுத்தாத இரண்டு மூன்று பொறி முகவரிகளைக் கலந்து வைக்க வேண்டும். பட்டியல் முகவரிகளாகப் போயிருந்தால், எந்தப் பொறியில் மெயில் விழுகிறதோ அந்த ஏஜெண்டிடமிருந்து கசிந்தது என்று தெரியும். குறியீடாகப் போயிருந்தால் பொறி பயன்படாது, ஏனென்றால் அந்த முகவரி ஏஜெண்டிடம் முன்பே இருக்காது. எந்த வழியைப் பிடித்தாலும் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும்.

இதே காரணத்தால்தான் தொலைபேசிக்கு இருப்பது போல 'மெயில் அனுப்பாதே' என்ற தேசியப் பதிவேடு அமெரிக்காவில் வரவில்லை. அதைப் பற்றி ஆராய்ந்து சொல்லும்படி சட்டமே எஃப்டிசி எனப்படும் ஃபெடரல் டிரேட் கமிஷனைக் கேட்டிருந்தது. 2004 ஜூனில் கமிஷன் பதில் சொன்னது: அனுப்புநர் யார் என்று உறுதிசெய்யும் தொழில்நுட்பம் வராமல் பதிவேடு வைத்தால் ஸ்பேம் குறையாது, பதிவேட்டையே ஸ்பேமர்கள் முகவரிப் புத்தகமாக எடுத்துக்கொள்ளலாம். அரசு அமைப்பு ஒன்று தன் கையில் வந்த அதிகாரத்தை வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். இங்கே சொன்னது சரியான காரணத்துக்காக.

சரி, விதியை மீறினால் யார் கேட்பது? மெயில் வாங்கிய நீங்கள் கேட்க முடியாது. வழக்குப் போடும் உரிமை எஃப்டிசி போன்ற மத்திய அமைப்புகளுக்கு, மாநில அட்டர்னி ஜெனரல்களுக்கு, பாதிக்கப்பட்ட இணையச் சேவை நிறுவனங்களுக்கு மட்டும். வாஷிங்டன் மாநிலத்தில் கார்டன் என்பவர் சொந்த டொமைனில் முகவரிகளை வைத்து, ஸ்பேமைச் சேர்த்துச் சேர்த்து வழக்குப் போட்டுப் பார்த்தார். 2009ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், நீங்கள் உண்மையான இணையச் சேவை நிறுவனம் இல்லை, சட்டம் சொல்லும் விதத்தில் உங்களுக்குப் பாதிப்பும் இல்லை என்று அனுப்பிவிட்டது. கார்டன் எதிர் வர்ச்சுமுண்டோ என்ற அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தனிநபர்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு கலிபோர்னியாவில். முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது, மீறினால் வாங்கியவரே மெயிலுக்கு 1,000 டாலர் வரை கேட்கலாம் என்று ஒரு கடுமையான சட்டத்தை அந்த மாநிலம் 2003 செப்டம்பரில் இயற்றியது. அது நடப்புக்கு வர வேண்டிய நாள் 2004 ஜனவரி 1. அதே நாளில் கேன்-ஸ்பேம் வந்து மாநிலச் சட்டங்களை ஓரங்கட்டியது. பொய், ஏமாற்று தொடர்பான பிரிவுகள் மட்டும் தப்பின. தள்ளுபடி மெயில் அனுப்பும் பெரிய கம்பெனிகள் மத்தியச் சட்டத்தை வரவேற்றதற்கு ஐம்பது மாநிலங்களில் ஐம்பது விதி வேண்டாம் என்ற காரணம் உண்மைதான். கிடைத்த ஒரே விதி இருந்ததிலேயே தளர்வானது என்பதும் உண்மை.

அபராதத் தொகை காகிதத்தில் பயமுறுத்தும். 2025 நிலவரப்படி ஒரு மெயிலுக்கு 53,088 டாலர் வரை போடலாம். கேன்-ஸ்பேமில் எஃப்டிசி வாங்கிய மிகப் பெரிய அபராதம் என்று 2024ல் அறிவிக்கப்பட்டது வெர்காடா என்ற பாதுகாப்புக் கேமரா நிறுவனத்தின் வழக்கு. மூன்றாண்டுகளில் 3 கோடிக்கு மேல் விளம்பர மெயில் அனுப்பி, விலகும் வசதி தராதது, விலகியவர்களை மதிக்காதது, முகவரி போடாதது என்று குற்றச்சாட்டு. சமரசத்தில் முடிந்த தொகை 29.5 லட்சம் டாலர். வகுத்துப் பாருங்கள், மெயிலுக்குப் பத்து சென்ட் தேறாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாட்டிக்கொள்பவர்கள் முகவரி தெரிந்த, வங்கிக் கணக்கு உள்ள, வக்கீல் வைத்திருக்கும் கம்பெனிகள். போலி மருந்து விற்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டுமே!

சட்டத்தை இறுக்கி எழுதினால் தீர்ந்துவிடுமா என்றால், அதற்கும் இடிக்கும் சுவர் உண்டு. வர்ஜீனியா மாநிலம் 24 மணி நேரத்தில் 10,000 பேருக்கு மேல் போலி அனுப்புநர் விவரத்தோடு அனுப்புவதைக் குற்றமாக்கியிருந்தது. அதன்படி ஜெரமி ஜெய்ன்ஸ் என்ற ஸ்பேமருக்கு ஒன்பது ஆண்டு சிறை விதித்தார்கள். 2008 செப்டம்பரில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. காரணம், 'வணிக மெயில்' என்று வரையறுக்காமல் எல்லா மெயிலுக்கும் பொருந்தும்படி எழுதிவிட்டார்கள். பெயரை மறைத்துக்கொண்டு அரசியலோ மதமோ பேசுகிறவரும் அதில் சிக்குவார், பேச்சுரிமை இடிக்கிறது. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

நம் நாட்டிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது, பலர் கவனிக்காமலே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு என்றால் முகநூல் பதிவுக்குக் கைது செய்ததுதான் நினைவுக்கு வரும். அதன் மூன்றாவது உட்பிரிவு மெயிலைப் பற்றியது: எரிச்சலூட்டவோ தொந்தரவு தரவோ, எங்கிருந்து வந்தது என்பதில் ஏமாற்றவோ அனுப்பும் மின்னஞ்சல் குற்றம். 'எரிச்சல்' என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ முழுவதையும் ரத்து செய்தபோது, ஏமாற்று மெயிலைப் பற்றிய அந்தத் துண்டும் கூடவே போயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 1909 எண்ணும் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') பதிவும் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். மெயிலுக்கு அங்கே புகார் கொடுத்துப் பயனில்லை.

எதிர்த் திசையில் போன நாடு கனடா. சம்மதம் இல்லாமல் அனுப்பவே கூடாது என்ற அதன் சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனங்களுக்கு அபராதம் ஒரு கோடி கனடா டாலர் வரை. கொள்கை நன்று. வியாபாரியின் மேசையில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். பொருள் வாங்கியவருக்கு வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அனுப்பலாம். விலை மட்டும் விசாரித்தவருக்கு ஆறு மாதம். நேரடியாகச் சம்மதித்தவருக்குக் காலக்கெடு இல்லை. சம்மதம் இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு அனுப்பியவர் தலையில். ஆகவே ஒவ்வொரு முகவரிக்கும் எந்த வகை, எந்தத் தேதி, எந்தப் படிவம் என்று குறித்து வைத்து, தேதி தாண்டியதும் தானாக நீக்கும் ஏற்பாடு வேண்டும். பழைய எக்செல் கோப்பில் பெயரும் முகவரியும் மட்டும் வைத்திருக்கும் பேக்கரிக்காரர் இதை எப்படிச் செய்வார்? போய்ச் சம்மதம் கேட்கலாம் என்றால், சம்மதம் கேட்கும் மெயிலும் வணிக மெயில்தான், அதற்கே சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். அதனால் கெடு வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்று 2014 ஜூனில் கனடாக்காரர்களின் பெட்டியில் 'தொடர அனுமதியுங்கள்' மெயில்கள் கொட்டின. ஸ்பேம் தடைச் சட்டம் வருவதற்கு முந்தைய மாதம் ஸ்பேம் அதிகம்! தனிநபர் வழக்குப் போடும் உரிமை 2017 ஜூலையில் வர வேண்டியது; அதை ஒரு மாதம் முன்னால் அரசே நிறுத்திவைத்துவிட்டது.

தலைப்பில் முத்திரை குத்தச் சொல்லும் விதி இன்னொரு வகை. சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்காமல் மொத்தமாக அனுப்பும் வணிக மெயிலின் தலைப்பு, விளம்பரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'ஏடிவி' என்ற குறியுடன் தொடங்க வேண்டும். வடிகட்டியில் ஒரு விதி எழுதினால் அத்தனையும் குப்பைக்குப் போய்விடும். அது தெரிந்துதானே பலரும் போட மறுக்கிறார்கள்? போடுபவர் நேர்மைக்குத் தண்டனை வாங்குகிறார், போடாதவர் உள்ளே வருகிறார். 2005ல் அமெரிக்காவின் எஃப்டிசி இப்படி ஒரு முத்திரையைப் பரிந்துரைக்க மறுத்தது.

பல நாட்டுச் சட்டங்களில் ஒரு விலக்கு இருக்கும்: அரசியல் கட்சிகள். அமெரிக்காவில் 'வணிக மெயில்' என்ற வரையறைக்குள் தேர்தல் நன்கொடை கேட்கும் மெயில் வராது. ஆஸ்திரேலியாவில் கட்சிகளுக்கு வெளிப்படையான விலக்கு. கனடாவிலும் நன்கொடை கேட்கலாம். சட்டம் எழுதுகிறவர் யார் என்பதை மறக்காமல் இருந்தால் ஆச்சரியம் வராது.

உண்மையான குற்றவாளிகள் பக்கம் போனால் சட்டத்தின் கை இன்னும் குட்டை. விற்பவர் ஒரு நாட்டில், டொமைன் பதிந்தது வேறொரு நாட்டில், மெயிலை அனுப்புவது வைரஸ் புகுந்த யாரோ ஒருவரின் வீட்டுக் கணினி, பணம் போய்ச் சேருவது நான்காவது நாட்டில். 2008ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஸ்டார்ம் என்ற பாட்நெட்டுக்குள், அதாவது வைரஸ் மூலம் கைப்பற்றிய கணினிகளின் கூட்டத்துக்குள் புகுந்து எண்ணிப் பார்த்தார்கள். 26 நாட்கள், சுமார் 35 கோடி மெயில்கள், விற்பனை 28. அனுப்பும் செலவு மிகக் குறைவு என்றால் அந்த 28ம் லாபமாகலாம். இதில் அபராத பயம் என்ன செய்யும்?

அடி விழுந்தது வேறு இடங்களில். 2008 நவம்பர் 11 அன்று சான் ஹோசேயில் இருந்த மக்கோலோ என்ற சர்வர் நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்த இரண்டு கம்பெனிகள் இணைப்பைத் துண்டித்தன. உலக ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே போனது, பழைய அளவுக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆயின. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை. ஆதாரத்தைக் காட்டி ஒரு பத்திரிகையாளர் கேட்ட கேள்விதான் காரணம். 2011ல் இன்னோர் ஆய்வு, ஸ்பேமில் விளம்பரமாகும் மருந்து, போலிக் கைக்கடிகாரம், திருட்டு மென்பொருள் ஆகியவற்றில் 95 சதவீதத்துக்குப் பணம் வாங்கித் தருவது மூன்றே வங்கிகள் என்று காட்டியது. டொமைன் நூறு ரூபாய்க்கு மறுநிமிடம் கிடைக்கும். அட்டை வழியாகப் பணம் வாங்கும் வணிகக் கணக்கு அப்படிக் கிடைக்காது. கடிவாளம் அங்கே இருந்தது. மெயிலின் அடிக்குறிப்பில் இல்லை.

இன்று மொத்த மெயில் அனுப்புகிறவர்கள் உண்மையில் பயப்படுவது கூகுளுக்கும் யாஹூவுக்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற, அனுப்பும் டொமைன் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் மூன்று ஏற்பாடுகளையும் வைக்க வேண்டும். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஒரே அழுத்தில் விலகும் வசதி மெயிலின் தலைப்பகுதியில் இருக்க வேண்டும், இரண்டு நாளில் நிறுத்த வேண்டும். சட்டத்தின் 10 வேலை நாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அமைக்கும்போது பலர் தவறுவது ஓர் இடத்தில்: 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' வரியை மட்டும் சேர்த்துவிட்டு 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்' வரியை விட்டுவிடுவார்கள், அல்லது இரண்டையும் டிகிம் கையொப்பத்துக்குள் சேர்க்க மறப்பார்கள். போஸ்ட் என்பது வெறுமனே இணைப்பைத் திறப்பதில் போகாமல், விலகல் பொத்தானை அழுத்தினால் தனியாகப் போகும் கோரிக்கை. அது ஏன் என்றால், அலுவலகங்களின் வைரஸ் சோதனை மென்பொருள் மெயிலில் உள்ள இணைப்புகளைத் தானே திறந்து பார்க்கும். வெறும் இணைப்பைத் திறந்ததும் விலகல் பதிவானால், படிப்பவருக்கே தெரியாமல் பெயர் நீங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. எஸ்பிஎஃப், டிகிம் தேறியது என்றால் அந்த டொமைன்தான் அனுப்பியது என்று மட்டும் பொருள். அனுப்பியவர் நல்லவர் என்று பொருள் இல்லை. நேற்று வாங்கிய டொமைனுக்கும் பத்து நிமிடத்தில் இரண்டையும் வைத்துவிடலாம். சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் சிறு கல்லூரியின் கடிதம் குப்பைக்குப் போனால் மேல்முறையீடு செய்ய நீதிமன்றமும் கிடையாது, பேச ஆளும் கிடையாது.

கைக்கு வந்த மெயிலை என்ன செய்வது? ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் டிகிம் தேறிய டொமைன் தெரியும். அது நீங்கள் உண்மையிலேயே பழகிய கடையின் டொமைன் என்றால் விலகலாம். உள்ளே இருக்கும் இணைப்பைவிட மேலே செயலியே காட்டும் விலகல் பொத்தான் நல்லது. லாகின் செய், காரணம் சொல் என்று கட்டாயப்படுத்தினால் அது அமெரிக்க விதிக்கே விரோதம்; ஒரு பக்கத்துக்கு மேல் போக வைக்கக் கூடாது. அறியாத டொமைன் என்றால் எதையும் தொடாமல் ஸ்பேம் என்று குறியுங்கள், படங்கள் தானாக ஏறுவதையும் நிறுத்தி வையுங்கள். புதிய கடையில் பதியும்போது மெயில் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின், @ குறிக்கு முன், ப்ளஸ் குறி போட்டுக் கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால், யார் விற்றார்கள் என்று பின்னால் தெரியும். சில படிவங்கள் ப்ளஸ் குறியை ஏற்காது. முகவரிப் பட்டியல் விற்பவர்களில் விவரமானவர்கள் ப்ளஸ்ஸுக்குப் பின் வருவதை வெட்டிவிட்டு விற்பார்கள். சொந்த டொமைன் வைத்துக் கடைக்கு ஒரு முகவரி என்று கொடுப்பவர்களிடம் அந்த வெட்டு பலிக்காது.